ஓரமும் முதுகும்: ஓஹையோவின் பார்ன் குவில்ட் பாதையில்

வியாழன். சின்சினாட்டி, ரிப்ளி, மான்செஸ்டர்

சின்சினாட்டியை விட்டுக் கிழக்கே கிளம்பினால் ஆடம்ஸ் கவுன்ட்டிக்கு இரண்டு வழி (கவுன்ட்டி என்பது நம் மாவட்டம் போல). 32ஆம் எண் சாலையில் சீக்கிரம் போய்விடலாம். 52ஆம் எண் சாலை ஓஹையோ ஆற்றை ஒட்டி வளைந்து வளைந்து போகும், நேரம் பிடிக்கும். கொட்டகை பார்க்க வருகிறவர்கள் 52ஐத்தான் பிடிக்க வேண்டும். ஐம்பது மைலில் ரிப்ளி, அதற்கு மேல் இருபது மைலில் மான்செஸ்டர். வழி நெடுக ஆற்றங்கரை மேட்டில் புகையிலைக் கொட்டகைகள் நிற்கின்றன.

பார்ன் குவில்ட் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். துண்டுத் துணிகளை வெட்டி ஒட்டித் தைக்கும் குவில்ட் போர்வையில், ஒரே கோலத்தில் பல கட்டங்கள் வரும். அந்தக் கட்டத்தில் ஒன்றை மட்டும் எடுத்து, 8 அடிக்கு 8 அடி பலகையில் பெயின்ட்டால் தீட்டி, பண்ணைக் கொட்டகையின் முகப்பில் உயரத்தில் மாட்டுவார்கள். துணி ஒரு இழைகூடக் கிடையாது. இன்று அமெரிக்காவின் நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களிலும் கனடாவிலும் இப்படிப்பட்ட பலகைகளைப் பார்க்கலாம். தொடங்கிய இடம் இந்த ஆடம்ஸ் கவுன்ட்டி.

இப்போது அக்டோபர் கடைசி, மக்காச்சோளம் அறுத்தாகிவிட்டது. இதைவிட நல்ல பருவம் கிடையாது. ஜூலை, ஆகஸ்டில் வந்தால் எட்டடி, பத்தடிக்கு நிற்கும் சோளப்பயிர் பாதிக் கொட்டகையை விழுங்கிவிடும், மீதியைச் சாலையோர மரங்கள் மறைக்கும். இலை உதிர்ந்தபின் நவம்பர் நடுப்பகுதி வரைக்கும், அல்லது இலை துளிர்ப்பதற்கு முன் ஏப்ரல் தொடக்கத்திலும் வந்தால், சாலையிலிருந்தே எல்லாம் தெரியும்.

பலகையைப் பார்ப்பதற்கு முன் கொட்டகையைப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். இந்தப் பக்கத்துக் கொட்டகைகள் பெரும்பாலும் பர்லி புகையிலைக்காகக் கட்டியவை. வெள்ளை பர்லி என்ற ரகமே 1864இல் பக்கத்து பிரவுன் கவுன்ட்டியில்தான் கண்டறியப்பட்டது. பர்லியை நெருப்பு மூட்டி உலர்த்துவதில்லை, காற்றில்தான் பதப்படுத்துவார்கள். செடியை அடியோடு வெட்டி, ஒரு கழியில் ஆறு தண்டு வீதம் குத்திக் கோத்து, கொட்டகைக்குள் அடுக்கடுக்காக இருக்கும் குறுக்குச் சட்டங்களில் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். ஆறு முதல் எட்டு வாரம் அப்படியே தொங்கும். காற்று வேண்டுமென்பதால் சுவரில் ஆளுயரத்தைத் தாண்டிய செங்குத்துக் கதவுகள் கீல் வைத்து வரிசையாக இருக்கும். வறண்ட காற்றடிக்கும் நாளில் திறப்பார்கள், தேவைக்கு மிஞ்சி உலரும்போதோ மழையின்போதோ மூடுவார்கள்.

இது ஏன் முக்கியமென்றால், அந்தக் கதவுகளின் மேல் பலகையை அறையக் கூடாது. நீளவாக்குச் சுவர் முழுக்கக் காற்றுக் கதவுகள் இருக்கும் கொட்டகையில், பலகைக்கு இடம் கூரை முக்கோணமாகக் கூடும் முகப்புச் சுவர்தான். வெளியிலிருந்து பார்த்தால் கதவும் சுவரும் ஒரே பலகை வரிசை போலத் தெரியும். கீல் எங்கே இருக்கிறது என்று கிட்டப் போய்ப் பார்க்காமல் இடம் குறிக்கக் கூடாது.

ரிப்ளியில் ஒரு விஷயத்தை நேராகச் சொல்ல வேண்டும். மேட்டின் மேல், அடிமைகள் தப்பிக்க உதவிய பாதிரியார் ஜான் ராங்கின் வீடு இருக்கிறது. ஆற்றுக்கு அக்கரை கென்டக்கி, அன்று அடிமை முறை இருந்த மாநிலம். தப்பி ஆற்றைக் கடந்தவர்கள் இந்த மேட்டுக்குப் படியேறி வந்தார்கள். கீழே ஆற்றங்கரையில் ஜான் பார்க்கர் வீடு. அடிமையாயிருந்து தன்னை விலைகொடுத்து மீட்டுக்கொண்டு, வார்ப்படத் தொழிற்சாலை நடத்தி, இரவில் படகெடுத்துப் போய் ஆட்களை மீட்டவர் அவர். இவையெல்லாம் பதிவான வரலாறு. ஆனால் தப்பி வருபவர்களுக்கு வழிகாட்ட, குவில்ட் கோலங்களில் ரகசியக் குறியீடு வைத்து வேலியில் தொங்கவிட்டார்கள் என்ற கதை 1990களின் இறுதியில்தான் பரவியது. அதற்கு அந்தக் காலத்துச் சான்று எதுவும் இல்லை என்றே வரலாற்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். சில பார்ன் குவில்ட் பாதைகளின் விளக்க அட்டைகளில் இன்னும் அந்தக் கதை உண்மை போல இடம்பெறுகிறது. ராங்கினும் பார்க்கரும் செய்ததே போதுமான அளவு பெரியது, அதற்கு மேல் பூச்சு தேவையில்லை.

வெள்ளி. மான்செஸ்டர், வெஸ்ட் யூனியன், பீபிள்ஸ்

பார்ன் குவில்ட் பாதையைத் தொடங்கிவைத்தவர் டோனா சூ குரோவ்ஸ். அவர் சிறுமியாயிருந்த காலத்தில் மேற்கு வர்ஜீனியாவில் குடும்பத்தோடு நீண்ட கார்ப் பயணம் போகும்போது, பிள்ளைகள் சலிக்காமலிருக்க அவர் தாய் மாக்சீன் ஒரு விளையாட்டு வைத்தார்: சாலையோரக் கொட்டகைகளை எண்ண வேண்டும், விளம்பரம் எழுதிய கொட்டகைக்குக் கூடுதல் புள்ளி. அன்று அதிகம் கண்ணில் பட்டவை மெயில் பவுச் புகையிலை விளம்பரக் கொட்டகைகள். அவற்றை எழுதியவர்களில் ஓஹையோவின் பெல்மான்ட்டைச் சேர்ந்த ஹார்லி வாரிக்கை மிஞ்சியவர் இல்லை. சுமார் 20,000 கொட்டகைகளுக்கு அவர் கை பட்டதாகச் சொல்வார்கள்.

1989இல் தாயும் மகளும் ஆடம்ஸ் கவுன்ட்டியில் ஒரு பண்ணை வாங்கினார்கள். அதில் ஒரு புகையிலைக் கொட்டகை இருந்தது. மாக்சீன் வாழ்நாளெல்லாம் குவில்ட் தைத்தவர். அம்மாவின் கோலம் ஒன்றை அந்தக் கொட்டகையில் தீட்டித் தருவதாக மகள் வாக்குக் கொடுத்தார். ஓஹையோ கலைக் கழகத்தில் வேலை பார்த்த அவர், நண்பர்களோடு பேசப் பேச அது ஒரு கொட்டகையோடு நிற்கவில்லை. கவுன்ட்டியைச் சுற்றி 20 பலகைகள், காரில் ஒரு சுற்றாகப் பார்த்துவரும் பாதை என்று விரிந்தது. 2001 அக்டோபரில் மான்செஸ்டர் அருகே லூயிஸ் மவுன்டன் மூலிகைப் பண்ணையில் முதல் பலகை ஏறியது. கோலம் ஓஹையோ ஸ்டார்.

இதில் எங்களுக்கு மிகப் பிடித்தது, இதற்கென்று தலைமை அலுவலகமோ உரிமமோ கிடையாது என்பது. பக்கத்துக் கவுன்ட்டிகள் பார்த்துச் செய்தன. அயோவாவில் கிரண்டி கவுன்ட்டியும் பிறகு சாக் கவுன்ட்டியும் எடுத்துக்கொண்டன. விஸ்கான்சினில் ஷவானோ கவுன்ட்டியில் மட்டும் 300க்கு மேல் இருக்கின்றன. கென்டக்கி, டென்னசி, வட கரோலினா என்று அப்பலாச்சிய மலைத்தொடர் முழுக்கப் பரவிவிட்டது. ஒவ்வோர் இடத்திலும் பலகை அந்தக் குடும்பத்தின் சொத்து, கோலத்தைத் தேர்ந்தெடுப்பதும் அந்தக் குடும்பம்தான். பாட்டி தைத்த போர்வையிலிருந்து எடுப்பவர்கள் உண்டு, பண்ணைப் பெயருக்கோ தொழிலுக்கோ பொருந்தும் கோலத்தை எடுப்பவர்களும் உண்டு.

பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் கவுன்ட்டிக் கொட்டகைகளில் காணும் வட்ட நட்சத்திரங்களோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை ஜெர்மன் வழிவந்த குடியேறிகளின் 19ஆம் நூற்றாண்டு மரபு. நேராகச் சுவர்ப் பலகையிலேயே தீட்டியவை, பெரும்பாலும் வட்டத்துக்குள் அடங்கியவை. பார்ன் குவில்ட் சதுரம், தனிப் பலகை, கழற்றி மாட்டலாம்.

சாலை விஷயங்கள் சில. இங்கே கவுன்ட்டிச் சாலைகளுக்கு ஓரம் என்று ஒன்று கிடையாது, தார் முடிந்ததும் சாக்கடைப் பள்ளம். வண்டியை நிறுத்த வேண்டுமானால் தேவாலயம், கல்லறைத் தோட்டம், கடை முன்னால் இருக்கும் சரளை இடம் இவற்றில் நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். பண்ணை வாசல் பாதையில் நிறுத்தினால் அறுவடை வண்டி வெளியே வர முடியாது. பலகை எல்லோரும் பார்ப்பதற்கு, கொட்டகை அப்படியல்ல. வேலிக்கு உள்ளே போக வேண்டுமென்றால் வீட்டில் கேட்டுவிட்டுப் போங்கள். வீட் ரிட்ஜ் பக்கம் ஆமிஷ் குடும்பங்கள் இருக்கின்றன (கார் வைத்துக்கொள்ளாமல் பழைய முறையில் வாழும் கிறித்தவப் பிரிவினர்), மேடு ஏறி இறங்கும் இடங்களில் குதிரை வண்டி எதிர்பாராமல் வரும். அவர்களைப் படமெடுக்காதீர்கள். ஞாயிறு அவர்கள் கடைகள் மூடியிருக்கும். மலை மடிப்புகளில் போன் சிக்னல் கிடைக்காது, வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பீபிள்ஸ் பக்கம் போகிறவர்கள் சர்ப்பன்ட் மவுண்டையும் பார்த்துவிடலாம், பாம்பு வடிவில் சுமார் 1,350 அடி நீளத்துக்கு நெளியும் பழங்குடி மண்மேடு.

படம் எடுக்க: தெற்கு பார்த்த முகப்புக்கு இந்த மாதம் நாள் முழுக்க வெளிச்சம் உண்டு. கிழக்கு முகப்பைக் காலை பத்துக்குள் எடுத்துவிட வேண்டும். வடக்கு முகப்புக்கு மேகமூட்டமான நாள்தான் நல்லது, வெயில் நாளில் கூரைக்குப் பின்னாலிருந்து வரும் ஒளி பலகையைக் கருப்பாக்கிவிடும்.

சனி. பலகை செய்தல்

இன்றைய குறிப்பு நீளம். செய்து பார்க்க நினைப்பவர்கள் இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

பலகைக்கு இங்கே நம்பிப் பயன்படுத்துவது எம்.டி.ஓ. ப்ளைவுட். இரண்டு முகத்திலும் பிசின் ஊறிய காகிதத்தைச் சூட்டில் ஒட்டிய வெளிப்புற ப்ளைவுட் அது, சாலைப் பெயர்ப்பலகைக்காரர்கள் வாங்குவது. சாதாரண ப்ளைவுட்டில் மரத்தின் வரி பெயின்ட் வழியாகத் தெரியும், இரண்டு மூன்று குளிர்காலத்தில் மேலடுக்கில் மயிரிழை வெடிப்பு விழுந்து பெயின்டையும் சேர்த்துப் பிளக்கும். எம்.டி.ஓ.வில் அது இல்லை. 4க்கு 8 அடி ஷீட் இரண்டு, அரை அங்குலக் கனம். இரண்டையும் சேர்த்தால் எடை ஏறக்குறைய 100 பவுண்டு. அலுமினியக் கலப்புத் தகட்டிலும் செய்கிறார்கள். அழுகாது, எடை குறைவு, விலை கூடுதல், பெயின்ட் பிடிக்க முகத்தை உப்புத்தாளால் தேய்த்தே ஆக வேண்டும்.

முகத்தைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். பலகை கெட்டுப்போவது முகத்தில் அல்ல, ஓரத்திலும் முதுகிலும்தான். வெட்டிய ஓரத்தில் ப்ளைவுட்டின் அடுக்குகள் வாய் திறந்து இருக்கும். மழைநீர் கீழ் ஓரத்தில் சொட்டாகத் தங்கி மேல்நோக்கி உறிஞ்சப்படும். உறையும் குளிரில் அந்த ஈரம் பனிக்கட்டியாகி அடுக்குகளைப் பிரிக்கும். அதனால் முதல் வேலை ஓரம்: வெளிப்புற மரப் பட்டியால் ஓரத்துப் பொந்துகளை அடைத்து, காய்ந்ததும் தேய்த்து, எண்ணெய் ப்ரைமர் அல்லது நல்ல அக்ரிலிக் ப்ரைமர் மூன்று கோட், உறிஞ்சாத நிலை வரும்வரை. பிறகு முதுகு இரண்டு கோட், முகம் இரண்டு கோட். முகத்துக்கு மட்டும் அடித்து முதுகை வெறுமனே விட்டால், ஒரு பக்கம் மட்டும் ஈரத்தை வாங்கிப் பலகை கிண்ணம் போல வளையும். முகமும் முதுகும் சேர்த்து 128 சதுர அடி, இரண்டு கோட்டுக்கு 256. ஒரு காலன் ப்ரைமர் 350 முதல் 400 சதுர அடி வரும் என்பதால் ஓரத்துக்கும் சேர்த்து ஒரு காலன் போதும்.

இப்போது கோலம். ஓஹையோ ஸ்டார் முதலில் செய்வதற்கு ஏற்றது. 96 அங்குலத்தை மூன்றாகப் பிரித்தால் கட்டத்துக்கு 32 அங்குலம், மொத்தம் ஒன்பது கட்டம். நான்கு மூலையும் நடுவும் முழுச் சதுரம். மீதி நான்கு கட்டங்களில் மூலைவிட்டம் இரண்டு போட்டால் ஒவ்வொன்றிலும் நான்கு முக்கோணம், ஆக 16. ஒவ்வொரு கட்டத்திலும் எதிரெதிர் முக்கோணம் இரண்டு நட்சத்திர முனைகள். மேல், கீழ்க் கட்டங்களில் இடமும் வலமும் முனை, இடது, வலது கட்டங்களில் மேலும் கீழும் முனை. இந்தத் திசையில்தான் பலர் தவறுகிறார்கள், ஒரு கட்டத்தில் மாற்றித் தீட்டிவிட்டுக் கடைசி டேப்பை உரித்த பிறகுதான் தெரிகிறது. கோடு போட்டவுடனே எட்டு முனைகளிலும் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டால் இந்த வம்பே இல்லை.

கருப்புப் பூச்சுக் கொட்டகைக்குச் சுற்றிலும் வெள்ளைக் கரை வேண்டும், இல்லையென்றால் கருநீலமும் கரும்பச்சையும் சுவரோடு கரைந்துபோகும். பக்கத்துக்கு 3 அங்குலம் கரை விட்டால் மீதி 90, கட்டம் 30. அளக்கவும் எளிது.

எட்டு சாய்சதுரங்கள் சேரும் லெமாய்ன் ஸ்டாரை 32 அங்குலக் கட்டத்தில் வரைய முயன்றால் முனைகள் மெலிந்தும் தடித்தும் போகும். அது மூன்றாகப் பிரியும் கோலம் அல்ல. அதற்குக் கணக்குப் போடவும் வேண்டாம், ஒரு நூல் போதும். பலகையின் ஒரு மூலையில் ஆணி வைத்து நூலைப் பலகையின் நடுப்புள்ளி வரை இழுங்கள். அந்த நீளத்தை மாற்றாமல் நூலைச் சுழற்றி, அந்த மூலையில் கூடும் இரண்டு விளிம்புகளிலும் தொடும் இடத்தைக் குறியுங்கள். நான்கு மூலையிலும் இப்படியே செய்தால் எட்டுக் குறி. அவைதான் எட்டு முனைகள். 96 அங்குலப் பலகையில் ஒவ்வொரு குறியும் அருகிலுள்ள மூலையிலிருந்து 28 1/8 அங்குலத்தில் விழ வேண்டும், விழவில்லையென்றால் உங்கள் இரண்டு ஷீட்டும் சதுரமாகச் சேரவில்லை. கோடு போடும் முன் இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது அதற்காகத்தான்.

வளைவு நிறைந்த டபுள் வெடிங் ரிங், பொடி முக்கோணங்கள் உள்ள ஃபெதர்டு ஸ்டார் இரண்டும் போர்வையில் அழகு. முந்நூறு அடி தள்ளி ஓடும் காரிலிருந்து பார்க்கும்போது நான்கு அங்குலத்துக்குக் குறைந்த துண்டுகள் ஒன்றோடொன்று கலங்கிவிடும். அம்மாவின் போர்வையில் அப்படிப்பட்ட கோலம் இருந்தால், அதன் நிறங்களை வைத்துக்கொண்டு துண்டு குறைந்த கோலத்துக்கு மாறுவது நல்லது என்பது எங்கள் கருத்து.

பெயின்ட் முழு அக்ரிலிக் வெளிப்புறப் பெயின்டாக இருக்கட்டும், சாட்டின் பளபளப்பு போதும். ஒரு குவார்ட் (கால் காலன்) டப்பா ஒரு கோட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி வரும். கரையில்லாத ஓஹையோ ஸ்டாரில் ஒரு கட்டம் 7.1 சதுர அடி. நட்சத்திரமும் நடுச் சதுரமும் ஒரே நிறமென்றால் மூன்று கட்டத்தின் பரப்பு, 21 சதுர அடி. மூன்று கோட் அடித்தாலும் ஒரு குவார்ட் தாராளம். நான்கு மூலைகள் 28 சதுர அடி, மூன்று கோட்டுக்கு 85, ஒரு குவார்ட் சரியாக வரும். மூலைக்கும் மீதி முக்கோணங்களுக்கும் ஒரே நிறம் போட்டால் மொத்தம் 128, இரண்டு குவார்ட் வாங்க வேண்டும். இரண்டையும் ஒரே வாளியில் கலந்துவிட்டுத் தொடங்குங்கள், டப்பாவுக்கு டப்பா நிறம் நூலளவு மாறும்.

சிவப்பும் மஞ்சளும் மூடும் சக்தி குறைந்தவை. வெள்ளை ப்ரைமர் மேல் சிவப்பு நான்கு கோட் கேட்கும், அடியில் சாம்பல் நிற ப்ரைமர் இருந்தால் இரண்டு மூன்றில் முடியும். மினுமினுக்கும் சிவப்பு, ஊதா, பளிச் மஞ்சள் தெற்கு முகப்பில் சீக்கிரம் வெளிறும். காவிச் சிவப்பு அப்படியே நிற்கும், இரும்பு ஆக்சைடு நிறமி வெயிலுக்கு அசையாது. பழைய கொட்டகைகளுக்கு ஆளி எண்ணெயில் அதைத்தான் குழைத்து அடித்தார்கள்.

டேப் வேலைதான் கோட்டின் கூர்மையைத் தீர்மானிக்கும். முந்தைய நிறம் அடித்து ஒரு நாளாவது ஆகியிருக்க வேண்டும், அவசரப்பட்டு ஒட்டினால் உரிக்கும்போது நிறத்தோடு வரும். டேப்பை ஒட்டி, பழைய ப்ளாஸ்டிக் அட்டையால் ஓரத்தை அழுத்தித் தேய்க்க வேண்டும். அடுத்து, டேப்புக்கு அடியில் இருக்கும் நிறத்தையே ஓரத்தில் மெல்லிசாக ஒரு கோட் இழுங்கள். கசிய வேண்டியது அந்த நிறமாகவே கசிந்து சந்தை அடைத்துவிடும். அதற்கு மேல் அடிக்கும் புதிய நிறத்துக்குப் போக வழி இருக்காது. இந்த ஒரு கோட்டை விட்டவர்களின் பலகையில் கோடு முழுக்கப் பிசிறு. கடைசிக் கோட் ஈரமாயிருக்கும்போதே டேப்பைத் தன்மேல் மடக்கினாற்போல் 45 பாகையில் மெதுவாக உரிக்க வேண்டும். முழுக்கக் காய்ந்தபின் உரித்தால் பெயின்ட் படலம் கிழிந்து பல் பல்லாக நிற்கும்.

நான்கு முக்கோணம் ஒரு புள்ளியில் கூடும் இடத்தில் நான்கையும் ஒரே நாளில் முடிக்க முடியாது. எதிரெதிர் இரண்டு இன்று, மற்ற இரண்டு நாளை.

பட்டறையில் வெப்பம் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகக் கூடாது. முடித்த பலகையை அன்றிரவே வெளியே வைத்தால் பனி படிந்து, கருநிறங்களின் மேல் பழுப்பாகப் பிசுபிசுவென்று ஒழுகல் தெரியும். பெயின்டில் கலந்துள்ள சோப்புத்தன்மையுள்ள பொருள் வெளியேறுவதால் வருவது. பெயின்ட் கெட்டுவிட்டது என்று பயந்து மேலே இன்னொரு கோட் அடிக்க வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவினால் போய்விடும். அக்ரிலிக் முழுக்க இறுக ஒரு மாதம் ஆகும். மேலே பளபளப்பு வார்னிஷ் அடிக்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. வேண்டாம். அது மஞ்சளாகி, அக்ரிலிக்கைவிட முன்னால் வெடித்து உரியும், மறுபடி தீட்டும்போது முழுவதையும் சுரண்ட வேண்டியிருக்கும்.

முதுகில் ஒரு வேலை பாக்கி. கோலத்தின் பெயர், எந்தப் போர்வையிலிருந்து எடுத்தது, தைத்தவர் யார், தீட்டிய ஆண்டு, ஒவ்வொரு நிறத்தின் நிறுவனமும் எண்ணும் அழியாத மையில் எழுதிவிடுங்கள். கொட்டகையில் ஏறியபின் யாரும் பார்க்கப்போவதில்லைதான். இறக்கும் நாளில் அதைத் தவிர வேறு ஆவணம் இருக்காது.

ஞாயிறு. மாட்டுதல்

பல கவுன்ட்டிகளில் மின்சாரக் கூட்டுறவு நிறுவனங்களும் தீயணைப்புத் துறையும் கூடை வைத்த லாரியோடு உதவிக்கு வருகின்றன. அது கிடைத்தால் மூன்று மணி நேர வேலை. ஏணி மட்டும்தான் என்றால் 8 அடிப் பலகையை ஏற்றாதீர்கள். லேசான காற்றிலும் அது பாய்மரமாகிவிடும்.

காற்றின் கணக்கைப் பார்த்தால் ஏன் இவ்வளவு சொல்கிறோம் என்று புரியும். மணிக்கு 90 மைல் காற்று நேராக அடித்தால் சதுர அடிக்கு 20 பவுண்டுக்கு மேல் அழுத்தம். 64 சதுர அடிக்கு 1,300 பவுண்டு, கிட்டத்தட்ட 600 கிலோ. அதைத் தாங்க வேண்டியது முக்கால் அங்குல, ஒரு அங்குலச் சுவர்ப் பலகை அல்ல, அதற்குப் பின்னால் இருக்கும் கிடைச்சட்டம். உள்ளே போய்க் கிடைச்சட்டம் எந்த உயரத்தில் ஓடுகிறது என்று அளந்து, அந்த உயரத்தை வெளியே குறித்துக்கொண்டு, அங்கேதான் ஸ்க்ரூ இறங்க வேண்டும்.

முதலில் சுவரில் 2க்கு 4 அங்குலம் என்று விற்கும் மரச் சட்டங்கள், கிடைச்சட்டத்தோடு சேரும்படி 3/8 அங்குலம் தடித்த, 4 அங்குலத்துக்குக் குறையாத லாக் (lag) ஸ்க்ரூவால். இந்தச் சட்டங்கள் பலகைக்கும் சுவருக்கும் நடுவே ஒன்றரை அங்குல இடைவெளி தரும். அந்த இடைவெளியில் காற்று போய்வரும், முதுகு காயும். சுவரோடு ஒட்டி அறைந்த பலகையின் முதுகு மழைக்குப் பின் நாள்கணக்கில் காயாது. சட்டத்தையும் பெயின்ட் அடித்துத்தான் மாட்ட வேண்டும், வெறும் மரமென்றால் தச்சு வண்டு வசந்தத்தில் விரலளவு துளை போட்டுவிடும். மருந்தேற்றிய மரத்தைப் பயன்படுத்தினால் ஸ்க்ரூ துருப்பிடிக்காத எஃகாகவோ தடித்த துத்தநாகப் பூச்சுள்ளதாகவோ இருக்கட்டும். அந்த மருந்திலுள்ள செம்பு சாதாரண இரும்பைத் தின்றுவிடும்.

அடியில் தற்காலிகமாக ஒரு சட்டத்தை அறைந்து, அதன்மேல் இரண்டு ஷீட்டையும் உட்கார வைத்துக்கொண்டு ஸ்க்ரூ போடுவது கைக்கு லேசு. சந்து செங்குத்தாக வரட்டும், நீர் வழிந்து போகும். கிடையாக வந்தால் அந்த விளிம்பில் தங்கும். இரண்டு ஷீட்டுக்கும் நடுவே 1/8 அங்குலம் விடுங்கள், ப்ளைவுட் ஈரத்தில் விரியும். அந்தச் சந்தை பட்டி வைத்து அடைத்தவர்கள் ஓராண்டில் அது வெடித்து நீளமாகத் தொங்குவதைப் பார்க்கிறார்கள். ஸ்க்ரூத் துளையை ஒரு சுற்றுப் பெரிதாகப் போட்டு, துளைக்குள்ளும் ப்ரைமரைத் தொட்டுவிட வேண்டும். ஆணி வேண்டவே வேண்டாம்.

நூறு வயதுக் கொட்டகை நேராக நிற்காது. லெவல் வைத்துச் சரியாக மாட்டிய பலகை, சாய்ந்த கூரை விளிம்புக்குப் பக்கத்தில் கோணலாகத் தெரியும். ஒருவர் சாலையில் நின்று பார்த்து, கூரை விளிம்புக்கும் சுவர்ப் பலகை வரிக்கும் பொருந்தச் சொல்ல வேண்டும். கண்ணுக்கு நேராகத் தெரிவதுதான் இங்கே கணக்கு.

தகரச் சுவரென்றால், ரப்பர் வாஷர் உள்ள ஸ்க்ரூவைத் தகரத்தைத் தாண்டிப் பின்னாலிருக்கும் சட்டத்தில் இறக்க வேண்டும்.

திங்கள். பழைய பலகைகள்

2001இலும் அடுத்த சில ஆண்டுகளிலும் ஏறிய பலகைகள் இருபது வயதைத் தாண்டிவிட்டன. இன்று பார்த்த ஒன்று சாலையிலிருந்து புதிது போல இருந்தது. அனுமதி கேட்டுக் கிட்டப் போனால் கீழ் ஓரம் முழுக்கப் புத்தகப் பக்கம் போல அடுக்கு விரிந்திருந்தது. மேலே நிறம் உயிரோடு, அடியில் மரம் செத்துவிட்டது. இடைவெளிக்குள் மண்குளவிக் கூடுகள், அவற்றில் ஈரம் தங்கி அந்த இடங்களில் மட்டும் முதுகு கருத்திருந்தது.

சோதிக்கும் முறை இது. கீழ் ஓரத்தைக் குத்தூசியால் அழுத்துங்கள், கால் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் புதுப் பலகைதான். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், பொத்தென்று சத்தம் வரும் இடத்தில் அடுக்கு பிரிந்திருக்கிறது. அடர்நிறத் துணியால் முகத்தைத் தேயுங்கள், மாவு போல ஒட்டினால் பெயின்ட் பொடிந்துவிட்டது. கழுவி, காயவைத்து, ப்ரைமர் அடித்து அதே பலகையில் மறுபடி தீட்டலாம். மூன்றில் முதல் இரண்டும் இல்லாமல் மூன்றாவது மட்டும் இருந்தால் அதிர்ஷ்டம். மறுபடி தீட்டும் முன் நேர் எதிரே நின்று ஒரு படம் எடுங்கள். கூரை இறவாரத்தின் நிழல் விழுந்த இடத்திலோ ஸ்க்ரூத் தலைக்கு அடியிலோ பழைய நிறம் வெளிறாமல் இருக்கும், நிறம் பொருத்த அதுதான் ஆதாரம்.

பெரிய கேள்வி கொட்டகை. புகையிலைக்கு அரசு வைத்திருந்த ஒதுக்கீட்டு முறை 2004ஆம் ஆண்டுச் சட்டத்தால் முடிவுக்கு வந்தது. சிறு பண்ணைகள் பல பர்லியைக் கைவிட்டன, கொட்டகைகள் வெறுமையாயின. பயன்பாட்டில் இல்லாத கொட்டகையின் கூரைத் தகரம் ஒன்று பெயர்ந்தால் யாரும் ஏறுவதில்லை. நீர் இறங்கி உத்தரம் அழுகி, அஞ்சாறு ஆண்டில் சுவர் சாயும். குவில்ட் பலகை உள்ள கொட்டகைகளைக் குடும்பங்கள் கவனமாகப் பார்த்துக்கொள்வதை இந்தப் பயணம் முழுக்கக் கண்டோம். எல்லாராலும் அது முடிவதில்லை. ஆகவே புதிதாகப் பலகை வைக்க விரும்புகிறவர்களிடம் நாங்கள் சொல்வது: பெயின்ட் வாங்கும் முன் கூரையில் ஏறிப் பாருங்கள், பிறகு கல் அடித்தளத்தில் மூலைத் தூண் உட்காரும் இடத்தைப் பாருங்கள். அங்கே அழுகல் இருந்தால் பலகைக்கு வைத்த பணம் முதலில் அதற்குப் போகட்டும்.

கொட்டகை இனி நிற்காது என்று தெரிந்தால், அது விழும்வரை காத்திருக்காமல் பலகையை இறக்கிவிட வேண்டும். மேல் ஸ்க்ரூக்களைக் கடைசியாக எடுங்கள், இரண்டு ஷீட்டையும் தனித்தனியாக இறக்குங்கள், முதுகில் எழுதியதைப் படம் எடுத்து வையுங்கள். பண்ணையில் அடுத்து எழும்புவது பெரும்பாலும் தகரக் கொட்டகையாகத்தான் இருக்கும். அதன் சட்டத்தைக் கட்டும்போதே, முகப்பில் 8 அடி இடைவெளியில் இரண்டு கிடைச்சட்டம் கூடுதலாக வைக்கச் சொல்லிவிட்டால் பழைய பலகை அப்படியே அங்கே ஏறிக்கொள்ளும்.